விரல்நுனித் தமிழும் நாநுனித் தமிழும்

(அம்பத்தூரில், தமிழன்பர் கூடல் ஒன்றில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



அம்பத்தூர்த் தொழிற்பேட்டையிலே கடைசல் எந்திரத்தின் முன் நாளெல்லாம் நின்றுழைக்கும் இளைஞர் ஒருவரை உங்கள் உள்ளத்தே எண்ணிக் கொள்ளுங்கள். பகலெல்லாம் இரும்பைச் சீவும் அவர் கை, இரவில் திறன்பேசியைத் தொட்டுத் தமிழைச் செதுக்குகின்றது. முகநூலில் அவர் எழுதும் தமிழ் வடசொல் கலவாத தமிழ். ஆங்கிலம் அண்டாத தமிழ். அவர் தமக்கெனச் சூடிக்கொண்ட புனைபெயரை மலேசியத் தோட்டப்புறங்களில் அறிவார் உளர். யாழ்ப்பாணத்தில் அறிவார் உளர். கனடாவின் பனியூர்களில் அறிவார் உளர். அவர் குடியிருக்கும் தெருவில் மட்டும் அப்பெயரை அறிந்தார் ஒருவரும் இலர்.

வலைவழி அறிமுகமான அன்பர்கள் நேரிற் கூடுவதென்று ஒரு ஞாயிற்றுக்கிழமை குறிக்கப்படுகின்றது. அவரும் உள்ளம் பூரிக்கப் புறப்படுகின்றார். அம்பத்தூரில் மின்தொடர்வண்டி ஏறி, நகரத்தினுள் இறங்கி, பேருந்து மாறி, அரை மணி நேரம் பிந்தி அரங்கின் வாயிலை அடைகின்றார். அங்கே நிற்கும் ஒருவரை, ஒளிப்படத்திற் கண்ட முகத்தைக் கொண்டு இன்னார் என்று தெளிகின்றார். மூன்றாண்டுகளாக ஒருவர்க்கொருவர் நல்ல தமிழில் எழுதி, ஒருவர் எழுத்தை மற்றவர் திருத்தி வளர்ந்த நட்பு அது. இருவரும் கை பற்றுகின்றனர், வாய் திறக்கின்றனர்.

‘அலோ பிரதர்! எப்ப ரீச் ஆனீங்க?’

‘சாரி பிரதர்! டிரெயின் லேட்!’

தோழர்களே, நகைக்க வேண்டா. இஃது ஒருவரைச் சுட்டிச் சொன்ன கதையன்று. வலைவழித் தமிழர் நேரிற் கூடும் இடமெல்லாம் இக்காட்சியைக் காணலாம். மூன்றாண்டு எழுதிய தமிழ் அந்த வாயிலிலே எங்கே போயிற்று? விரலின் நுனியில் இருந்த தமிழ் நாவின் நுனிக்கு வராமல் நின்றது ஏன்? இன்றைய உரை இந்த ஒரு கேள்வியைப் பற்றியது.

தனிமையின் தமிழ்

அந்த இளைஞர் போலியர் என்று சிலர் சொல்லக்கூடும். அது பிழை. எழுதும்போது அவருக்கு மூன்று துணைகள் இருந்தன. நேரம் இருந்தது, சொல் வாய்க்காதபோது நின்று தேடலாம். அழிப்பான் இருந்தது, தவறிய சொல்லைப் பிறர் காணுமுன் நீக்கலாம். மறைவு இருந்தது; எழுதுபவர் முகத்தை எவரும் பார்த்து நகைக்க முடியாது. நேரிற் பேசும்போது இம்மூன்றும் இல்லை. சொல் அந்த நொடியே வந்தாக வேண்டும். வாயை விட்டுப் போனது திரும்பாது. எதிரே ஒரு முகம் பார்த்துக்கொண்டிருக்கின்றது.

அம்முகத்தின் மேல் உள்ள அச்சமே நாவைக் கட்டுகின்றது. கடையில் ‘சில்லறை கொடுங்கள்’ என்பதற்கும் ‘சேஞ்சு கொடுங்க’ என்றே சொல்லிப் பழகிவிட்ட நாடு இது. பேருந்தில் ‘பயணச்சீட்டு’ என்று கேட்டவரைத் திரும்பிப் பார்த்து நகைக்கின்ற நாடு இது. நாள்தோறும் தனியாளாய் நின்று இந்த நகைப்பைத் தாங்க எத்தனை பேரால் இயலும்? அறிவு குறைந்ததால் நாப் பிறழவில்லை. தனித்து நிற்பதால் பிறழ்கின்றது. ஆகவே அதற்கு மருந்தும் கூட்டத்திலேதான் இருக்கின்றது.

இயக்கம் பேச்சிலே பிறந்தது

தனித்தமிழ் இயக்கம் 1916ஆம் ஆண்டு பல்லாவரத்தில் பிறந்த வரலாற்றை இங்குள்ளோர் அறிவீர்கள். வள்ளலார் பாடல் ஒன்றில் ‘தேகம்’ என்று நின்ற இடத்தில் ‘யாக்கை’ என்னும் சொல் நின்றிருப்பின் இன்னும் இனிக்குமே என்று, மறைமலையடிகள் தம் மகளார் நீலாம்பிகையாரிடம் கூறினார். தந்தையும் மகளும் தமக்குள் பேசிய பேச்சு அது. நூலும் ஏடும் மாநாடும் பிறகு வந்தவை. இருவர் வாய்விட்டுப் பேசிய சிறு கூடலே முதற்கூடல்.

அதன்பின் நடந்ததை எண்ணுங்கள். ஒரு காலத்தில் கூட்டத்துக்குத் தலைமை தாங்கியவர் ‘அக்கிராசனர்’, செயலாளர் ‘காரியதரிசி’, பொருளாளர் ‘பொக்கிசதார்’, தேர்தலில் நின்றவர் ‘அபேட்சகர்’. பேச்சு ‘உபந்நியாசம்’, இறுதியில் நன்றி கூறுவது ‘வந்தனோபசாரம்’. கைகூப்பியவர் ‘நமசுக்காரம்’ என்றார். இன்று இச்சொற்களைச் சொன்னால் இளைஞர்க்குப் பொருளே விளங்காது. தலைவர், செயலாளர், பொருளாளர், வேட்பாளர், சொற்பொழிவு, நன்றியுரை, வணக்கம் என்பவை அவற்றின் இடத்தை முழுமையாகப் பற்றிக்கொண்டன.

இம்மாற்றம் எங்கே நிகழ்ந்தது? அகரமுதலியில் அச்சிட்டு வைத்ததனால் மட்டும் நிகழவில்லை. ஊர்தோறும் மேடையிட்டு, விளக்கேற்றி, ஆயிரம் காதுகள் கேட்க அச்சொற்களைச் சொன்னார்கள். முதன்முதல் ‘தலைவர் அவர்களே’ என்றபோது சிலர் நகைத்திருப்பர். பத்தாம் கூட்டத்தில் நகைப்பு நின்றது. நூறாம் கூட்டத்தில் பழையது மறந்தது. கூட்டத்தில் ஒலித்த சொல் வீட்டுக்குப் போயிற்று. வீட்டிலிருந்து தெருவுக்கு வந்தது. எழுத்து சொல்லைப் பெற்றெடுக்கும்; அதற்கு நடை பயிற்றுவது வாய்தான்.

வலைத்தமிழரின் கூடல்கள்

இணையத்தமிழ் வளர்ந்த வரலாறும் இதற்குச் சான்று. தமிழை மின்வலையில் ஏற்றியவர்கள் உலகெங்கும் சிதறிக் கிடந்தவர்கள். ‘இணையம்’ என்னும் அருஞ்சொல்லை வழங்கியவராகப் போற்றப்படும் நா. கோவிந்தசாமி சிங்கப்பூரில் இருந்தார். 1998 பொங்கல் நாளில் மதுரைத் திட்டத்தைத் தொடங்கிப் பழந்தமிழ் நூல்களை மின்னேடாக்கிய முனைவர் கு. கல்யாணசுந்தரம் சுவிட்சர்லாந்தில் இருந்தார். 2003இல் தமிழ் விக்கிப்பீடியாவுக்கு அடித்தளம் இட்ட இ. மயூரநாதன் யாழ்ப்பாணத்தில் பிறந்து அபுதாபியில் பணிபுரிந்தவர். கடல்களுக்கு அப்பாலிருந்து மின்னஞ்சல் வழியாகவே இத்தகையோர் உறவு கொண்டனர்.

எனினும் சிக்கல் முற்றிய போதெல்லாம் நேரிற் கூடியே தீர்த்தனர். அந்நாளில் கணினித் தமிழுக்கு ஒரே விசைப்பலகை இல்லை. ஆளுக்கோர் எழுத்துரு, ஆளுக்கொரு தட்டச்சு முறை. ஒருவர் எழுதியது இன்னொருவர் கணினியில் குப்பையாய்த் தெரியும். 1997இல் சிங்கப்பூரில் கூடினர். 1999 பிப்பிரவரியில் சென்னையில் ‘தமிழிணையம் 99’ மாநாட்டில் கூடினர். அதன் விளைவாகத் ‘தமிழ் 99’ விசைப்பலகை பிறந்து, தமிழக அரசின் ஒப்புதலும் பெற்றது. மடல்களில் முடியாமல் இழுத்த வழக்கு முகம் பார்த்துப் பேசியபின் ஒரு முடிவுக்கு வந்தது.

பின்னர் வலைப்பூக்களின் காலம் வந்தது. 2004இல் காசி ஆறுமுகம் தொடங்கிய ‘தமிழ்மணம்’ திரட்டி, எங்கெங்கோ எழுதியவர்களை ஒரு முற்றத்தில் கொண்டுவந்து நிறுத்தியது. வலைப்பூ, பதிவர், பின்னூட்டம், திரட்டி, உலாவி, பதிவிறக்கம் என்னும் சொற்களெல்லாம் அம்முற்றத்திலே புழங்கி நிலைத்தவை. 2007 ஆகத்து 5ஆம் நாள் சென்னைப் பல்கலைக்கழகத்தில் வலைப்பதிவர் பட்டறை நடந்தது. அறிந்தவர் அறியாதவர்க்குத் தமிழில் தட்டச்சு செய்யவும் வலைப்பூத் தொடங்கவும் பக்கத்தில் அமர்ந்து கற்பித்தனர். பிறகு 2012 ஆகத்து 26இல் சென்னையிலும், 2013 செத்தம்பர் 1இல் வடபழனியிலும், 2014 அக்தோபர் 26இல் மதுரையிலும், 2015 அக்தோபர் 11இல் புதுக்கோட்டையிலும் பதிவர்கள் பெருந்திரளாய்க் கூடினர். தமிழ் விக்கிப்பீடியாவின் பத்தாண்டு நிறைவும் 2013 செத்தம்பர் 29இல் சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் கொண்டாடப்பட்டது.

இக்கூடல்களில் புதுக்கோட்டைக் கூடலைத் தனித்துச் சொல்லுதல் வேண்டும். அங்கே கூடியவர்கள் பாராட்டும் படமும் போதுமென்று கலையவில்லை. வலைப்பதிவர் கையேடு ஒன்றை அச்சிட்டு வெளியிட்டனர். தமிழ் இணையக் கல்விக்கழகத்தோடு இணைந்து எழுத்துப் போட்டிகள் நடத்தினர். கூடிக் கலைந்தபின் கையில் எஞ்சியது என்ன என்பதே கூடலின் அளவுகோல். தன்படங்கள் மட்டும் எஞ்சினால் அது வேடிக்கை. ஒரு நூலோ, ஒரு கருவியோ, பேசக் கற்ற நாவோ எஞ்சினால் அது பணி.

ஓர் உறுத்தலையும் மறைத்தல் ஆகாது. இந்நிகழ்ச்சிகளைப் ‘பதிவர் சந்திப்பு’ என்றே அழைத்தனர். ‘சந்தி’ வடசொல் வழிவந்தது. தமிழுக்கோ இப்பொருளில் சொற்பஞ்சம் சிறிதும் இல்லை. ‘கூடு’ என்னும் ஒரு வேரிலிருந்து கூடல், கூட்டம், கூட்டு, கூடம் எத்தனை கிளைத்தன! பறவை அடையும் இடமும் ‘கூடு’தான். மதுரைக்கே ‘கூடல்’ என்று ஒரு பெயர் உண்டு. அவ்வூரிலே போய்க் கூடிவிட்டும் அதைச் ‘சந்திப்பு’ என்று எழுதினோமே என்று எண்ணும்போது நெஞ்சு நோகின்றது. இது குற்றம் சாட்டுவதற்காகச் சொன்னதன்று. அடுத்த அழைப்பிதழில் ‘கூடல்’ என்று ஒரு சொல்லை மாற்றினால் போதும், நோவு தீரும்.

பிசிராந்தையார் நடந்த வழி

‘நட்புக்கு நேரிற் காண்பது எதற்கு? பிசிராந்தையாரும் கோப்பெருஞ்சோழனும் காணாமலே நட்புப் பூண்டவர்கள் அல்லரோ? உணர்ச்சி ஒத்தால் போதும், பழகுதல் வேண்டுவதில்லை என்பது வள்ளுவர் கருத்தும் ஆயிற்றே?’ என்று கேட்பார் உண்டு. நல்ல கேள்வி. வலைவழி நட்புக்கு அவ்விருவரைவிடச் சிறந்த முன்னோடிகள் இல்லை. ஆயினும் கதையின் முடிவை மறத்தல் கூடாது. சோழன் வடக்கிருந்தபோது, நண்பர் வருவார், அவர்க்கு இடம் விடுங்கள் என்றான். பாண்டி நாட்டுப் பிசிர் என்னும் ஊரிலிருந்து ஆந்தையார் நடந்தே வந்து சேர்ந்தார். காணாது வளர்ந்த நட்பு காண வந்தமையால் அன்றோ இரண்டாயிரம் ஆண்டு கடந்தும் பேசப்படுகின்றது! அவர் வராதிருந்தால் அது புலவர் சொன்ன சொல்லாக மட்டும் நின்றிருக்கும்.

அண்மைக் காலத்திலும் இதனைக் கண்டோம். 2015 திசம்பர் தொடக்கத்தில் பெய்த பெருமழையின்போது, இங்கிருந்து சிறிது தொலைவில், பூந்தமல்லியை அடுத்த செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து நொடிக்கு ஏறத்தாழ 29,000 கன அடி நீர் திறக்கப்பட்டது, அடையாற்றங்கரை மூழ்கியது. அப்போது முகநூலிலும், ‘துவிட்டர்’ என்று அந்நாளில் பெயர் வழங்கிய கீச்சகத்திலும், ‘வாட்சாப்பு’ என ஊரார் சொல்லும் புலனத்திலும் பெயரளவில் அறிந்திருந்தவர்கள் தெருவில் இறங்கினர். உணவுப் பொட்டலமும் பாயும் போர்வையும் சுமந்தனர். 2017 சனவரியில் ஏறு தழுவலுக்காக மெரினாக் கடற்கரையில் ஒரு கிழமை நிறைந்த திரளும் வலைவழி அழைப்பால் திரண்டதே. முகமறியாதவர்கள் அருகருகே அமர்ந்தபோது குடிநீரைப் பகிர்ந்தனர். குப்பையைத் தாமே பெருக்கினர். வலையில் ஒருவரை ஒருவர் இழித்தெழுதும் கை, நேரில் ஒருவரை ஒருவர் தாங்கும் கையாக மாறும் என்பதற்கு இவை சான்று.

மேற்குப் புறநகர் உறங்கலாமா?

இனி இங்குள்ளோர்க்கு உரியதைச் சொல்லுதல் வேண்டும். பாடி, கொரட்டூர், அம்பத்தூர், திருமுல்லைவாயில், ஆவடி, திருவேற்காடு, பூந்தமல்லி என நீளும் இம்மேற்குப் புறநகர் உழைப்பாளர் நிலம். இங்கிருந்து தமிழ் எழுதுவோர் பலர். அவர்கள் கூடுவதென்றால் மட்டும் கடற்கரைக்கும் மாம்பலத்துக்கும் வடபழனிக்கும் போக வேண்டியிருக்கின்றது. இரவுப் பணி முடித்தவரும், கைக்குழந்தை உடைய தாயும் அத்தனை தொலைவு எவ்வாறு வருவர்? பூங்கா இங்கே இல்லையா? ஏரிக்கரை இல்லையா? கிளை நூலகம் இல்லையா? பதின்மர் அமரப் பாய் ஒன்று போதுமே!

அவ்வாறு கூடுவோர்க்குச் சில நெறிகள் வேண்டும்.

முதலாவது, கூடலில் ஒரு மணி நேரம் தமிழே பேசுதல். தவறியவர்க்குத் தண்டமும் வேண்டா, ஏளனமும் வேண்டா. சொல் கிடைக்காமல் தடுக்கியவர் ‘இதற்கு என்ன சொல்லலாம்?’ என்று கேட்க, அவையோர் எடுத்துக் கொடுக்க வேண்டும். அந்தக் கேள்வியே பாடம்.

இரண்டாவது, தூய தமிழ் என்றால் மேடைத்தமிழ் என்னும் மயக்கத்தை விடுதல். இம்மயக்கமே பலர் வாயைப் பூட்டியிருக்கின்றது. ‘வந்துற்றீரோ?’ என்று கேட்டால்தான் தமிழா? ‘வாங்கண்ணே, எப்ப வந்தீங்க?’ ‘இப்பத்தான் வந்தேன் தம்பி, வண்டி பிந்திப் போச்சு!’ இவ்விரண்டிலும் அயற்சொல் ஒன்றேனும் உண்டா? பாட்டியும் பேரனும் வீட்டில் பேசும் எளிய பேச்சே கலப்பை நீக்கினால் தூய தமிழாகிவிடும். நகைப்புக்கு அங்கே இடமே இல்லை.

மூன்றாவது, அவரவர் தொழிற்சொல்லைக் கொண்டுவருதல். பட்டறை, கடைசல், வார்ப்பு, உலை, அரம், உளி, திருகு, மரை என்று தொழிற்பேட்டையின் வாயில் இன்னும் உயிரோடிருக்கும் சொற்கள் பல. ‘லேத்து ஒர்க்சு’ என்று பலகை எழுதியவரும் உள்ளே ‘கடைசல் பிடி’ என்றுதான் சொல்கின்றார்! அச்சொற்களை ஏட்டில் குறித்து, விக்கிப்பீடியாவிலும் விக்சனரியிலும் ஏற்றுங்கள். தமிழ் விக்கிப்பீடியா 2017இல் ஓரிலக்கம் கட்டுரைகளைக் கடந்தது. அவற்றுட் பெரும்பாலானவை கூலி பெறாத கைகள் எழுதியவை. அவற்றோடு அம்பத்தூரின் எண்ணெய்க் கறை படிந்த கையும் சேரட்டும்.

நான்காவது, பெண்டிர் அச்சமின்றி வந்துபோகும் ஒழுக்கம். ஒப்புதலின்றிப் படம் எடுத்தல் கூடாது. எடுத்ததை வலையில் ஏற்றுதலும் கூடாது. பேசி எண்ணைக் கேட்டு வற்புறுத்துதல் ஆகாது. இருட்டுமுன் கூடலை முடிக்க வேண்டும். தமிழ் வளர்க்க வந்த இடத்தில் ஒரு தங்கை முகம் சுளித்துத் திரும்புவாளாயின், அங்கே வளர்ந்தது தமிழன்று.

ஐந்தாவது, சாதியைத் துருவாமை. வலையிலே புனைபெயரால் அறிந்தவரை நேரில் கண்டதும் ‘சொந்த ஊர் எது? அங்கே எந்தத் தெரு?’ என்று கிண்டிக் கேட்கும் பழக்கம் ஒன்று உண்டு. அவ்வினாவின் உட்பொருள் எல்லார்க்கும் தெரியும். பிசிராந்தையாரைச் சோழன் எந்தத் தெரு என்று கேட்கவில்லை. தமிழர் என்னும் ஒரு பெயரோடு வந்தவரை அப்பெயரோடே அமர்த்துங்கள்.

தோழர்களே! தொடக்கத்தில் கண்ட கடைசல் தொழிலாளியை மீண்டும் நினைவிற் கொள்ளுங்கள். அவர் வெட்கி வீட்டுக்குள் முடங்குவாராயின் தமிழ் அவர் விரலோடு நின்றுவிடும். அவர் மகன் அவரது முகநூலைப் படிக்கப் போவதில்லை. அவர் வாயைத்தான் கேட்கப் போகின்றான். தந்தை எழுதியது தமிழ், பேசியது கலப்பு என்றால், பிள்ளைக்குச் சேருவது கலப்பே. மொழி வழிவழி இறங்குவது காதின் வழியாக.

ஆகவே அவர் முடங்கக் கூடாது. அடுத்த ஞாயிறு இதே அம்பத்தூரில், ஓர் ஏரிக்கரை மரநிழலில், அவரே பாய் விரிக்கட்டும். ஆவடியிலிருந்து ஒருவர், பூந்தமல்லியிலிருந்து இருவர், கொரட்டூரிலிருந்து ஒரு தாயும் மகளும் வரட்டும். வந்தவரை எதிர்கொண்டு, கூசாமல், இயல்பாக, அவர் சொல்லட்டும்:

‘வாங்கண்ணே! வாங்கம்மா! உட்காருங்க. தண்ணி குடிக்கிறீங்களா?’

அந்த நாலைந்து சொல்லிலே தமிழ் வாழும்; அவர் மகனும் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருப்பான்.

வாழ்க தமிழ்! வளர்க தமிழ்க் கூடல்!